என் ஆறரை சென்ட் எங்கே போனது? நில அளவை: கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கின்றன: அப்பா காலத்தில் இருந்த எல்லை இப்போது ஏன் இல்லை, எப்போது மாறியது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தாத்தா 1958-இல் வாங்கிய கிரயப் பத்திரத்தில் 2 ஏக்கர் 14 சென்ட் என்று இருக்கிறது. இப்போதைய பட்டாவில் 0.84.00 ஹெக்டேர் என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் குறைகிறது. பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் இடத்தைச் சேர்த்துக்கொண்டுவிட்டாரோ என்று சந்தேகம். பழைய, புதிய புலப்படம் இரண்டின் நகலையும், பத்திர நகலையும் இணைத்துள்ளேன். (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். இரண்டு காலத்துப் புலப்படத்தையும், அதாவது நிலத்தின் அளவுகளை எழுதிய அரசு வரைபடத்தையும், தேடி எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் இன்றைய பட்டாவை மட்டும் அனுப்பிவிட்டு ‘நிலம் குறைகிறது’ என்கிறார்கள். இன்றைய தாளை மட்டும் பார்த்தால் இன்று என்ன இருக்கிறது என்பதுதான் தெரியும், எது மாறியது என்று தெரியாது.

0.84 ஹெக்டேர் என்றால் 84 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர்). அது சுமார் 207.5 சென்ட், அதாவது 2 ஏக்கர் ஏழரை சென்ட். ஆக, உங்களுக்குக் குறைவது சுமார் ஆறரை சென்ட். இதில் கொஞ்சம் கணக்கு மாற்றத்தால் வரலாம். ஏக்கர், சென்ட்டை ஹெக்டேர், ஏர் ஆக்கியபோது அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியதை நான் பல பதிவேடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அரை ஏர் என்பதே ஒன்றேகால் சென்ட்தான், ஆறரை சென்ட் அப்படிப் போகாது.

சரி, நீங்கள் அனுப்பிய இரண்டு நகலையும் மேசையில் வைத்தேன். பழைய படத்தில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கின்றன, புதியதில் மீட்டரில். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், அப்படியானால் ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதில் ஓர் அழகு இருக்கிறது: சரியாக 1000 சதுர லிங்க் ஒரு சென்ட். அதனால் பழைய படத்தில் கணக்குப் போடுவது மீட்டரை விடச் சுலபம். உங்கள் கிழக்குப் பக்கம் பழைய படத்தில் 646 லிங்க், புதியதில் 130 மீட்டர். 646 லிங்க்கை மாற்றினால் 129.95 மீட்டர் வருகிறது. ஆக, அந்தக் கோட்டின் நீளம் மாறவில்லை. மேற்குப் பக்கமும் ஒத்துப்போகிறது. வடக்கும் தெற்கும்தான் இரண்டும் தலா 2 மீட்டர் குறைந்திருக்கின்றன.

அப்புறம் டிரேசிங் தாளில் பழைய படத்தை அதில் எழுதியிருக்கும் எண்களை வைத்தே புதிதாக வரைந்தேன். நகலின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது, ஜெராக்ஸ் எடுக்க எடுக்கப் படம் சுருங்கும் அல்லது விரியும். எண் மட்டும் மாறாது. வரைந்த தாளைப் புதிய படத்தின் மேல் வைத்து மேற்குப் பக்கத்துக் கல் இரண்டையும் பொருத்தினேன். வடக்கு, தெற்குக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. கிழக்கே மட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் ஒரு பட்டை வெளியே நின்றது. அகலம் 10 லிங்க். 646-ஐ 10-ஆல் பெருக்கினால் 6460 சதுர லிங்க், அதாவது ஆறரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஆறரை சென்ட் அதுதான்.

அந்தப் பட்டைக்குப் புதிய படத்தில் தனி உட்பிரிவு எண் இருக்கிறது, ‘வாய்க்கால்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக்காரர் எடுக்கவில்லை. பழைய படத்தில் உங்கள் புலத்துக்குள்ளேயே ஓடிய வாய்க்காலைப் பிற்பாடு தனி உட்பிரிவாகப் பிரித்துப் புறம்போக்கில் சேர்த்திருக்கிறார்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் அரசுத் திட்டம்) வேலையில் இப்படிப் பிரித்த இடங்கள் நிறைய. அந்த ஆண்டுக்கான அ-பதிவேட்டில் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் விவரம் எழுதும் பதிவேடு) உங்கள் எண்ணுக்கு நேரே இருக்கும் குறிப்பைப் பார்த்தால் எந்த உத்தரவின்படி பிரிந்தது என்பது தெரியவரும்.

ஆனால் இத்தோடு விடாதீர்கள். அந்த வாய்க்கால் ஊர்ப் பொது வாய்க்காலா, உங்கள் தாத்தா தன் கிணற்றுத் தண்ணீருக்குத் தானே வெட்டியதா என்பதுதான் உண்மையான கேள்வி. இதற்கு விடை 1958 பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நாலு பக்க எல்லை விவரத்தில், இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் கிழக்கே ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் தாத்தா வாங்கியபோதே வாய்க்கால் எல்லைக்கு வெளியேதான் இருந்தது, பரப்பை மட்டும் பழைய பதிவேட்டில் இருந்தபடி எடுத்து எழுதிவிட்டார்கள். எல்லையும் பரப்பும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. ஒருவேளை அங்கே ‘இன்னார் புஞ்சைக்கு மேற்கு’ என்று இருந்திருந்தால், யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கேட்டு மனுப் போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த வழி இல்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் மட்டும் போய் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், சந்தேகப்பட்டது அவர் காதுக்கும் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் பட்டாவில் 112/3ஏ1பி என்று இருக்கிறது. அம்மா 112/3 என்கிறார். மூலப் பத்திரத்தில் வெறும் 112. எது சரி? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: மூன்றும் சரி. அந்த எண்ணை ஒரு வம்சாவளி மாதிரி படியுங்கள். 112 என்ற புலம் முதலில் 1, 2, 3 என்று பிரிந்தது. அதில் 3 என்பது 3ஏ, 3பி ஆனது. 3ஏ மறுபடி 3ஏ1, 3ஏ2 ஆனது. 3ஏ1 இன்னொரு முறை பிரிந்து உங்கள் பங்கு 3ஏ1பி. எண், எழுத்து, எண், எழுத்து என்று மாறி மாறி வருவதால் எத்தனை தலைமுறை என்பதை எண்ணிலேயே எண்ணிவிடலாம். நான்கு முறை கோடு போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் பிள்ளைகளின் பரப்பைக் கூட்டினால் தாயின் பரப்பு வர வேண்டும். 3ஏ1ஏ, 3ஏ1பி இரண்டையும் கூட்டி 3ஏ1-இன் பழைய பரப்போடு ஒப்பிடுங்கள், அப்புறம் ஒரு படி மேலே போங்கள். எந்தப் படியில் கணக்கு உடைகிறதோ அந்த உட்பிரிவு நடந்த ஆண்டின் கோப்பைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், மற்ற எதற்கும் அலைய வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வயல்காரர் ஆண்டுதோறும் அண்டை வெட்டும்போது வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். செல்போன் மேப்பில் நின்று பார்த்தால் அவர் வரப்பு எங்கள் நிலத்துக்குள் 4 மீட்டர் வந்திருப்பதாகக் காட்டுகிறது. இதை வைத்துப் புகார் கொடுக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: செல்போனை வைத்துக் கொடுக்காதீர்கள். நல்ல திறந்த வெளியிலேயே சாதாரண செல்போன் 3 முதல் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், நீங்கள் சொல்லும் வித்தியாசமே 4 மீட்டர். தவிர, நம் புலப்படங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்து வரைந்தவை இல்லை. வயலின் ஒரு மூலைக் கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குச் சங்கிலி பிடித்து, அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு முனைக்கும் எத்தனை லிங்க் என்று எழுதி வைத்த படங்கள். அதைக் கொண்டுபோய்ச் செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டும்போது ஒட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆனால் உங்கள் குறை பொய்யாக இருக்காது என்றே நினைக்கிறேன். அண்டை வெட்டும்போது ஆண்டுக்கு நாலு விரற்கடை போனால் கண்ணுக்கே தெரியாது. நாலு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 30 ஆண்டில் 10 அடி. இந்த வகை நகர்வைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது, காலத்தை வரிசையாக அடுக்கித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து, பழைய ஆண்டுகளின் படங்களைக் காட்டும் வசதியை இயக்குங்கள். நம் கிராமங்கள் பலவற்றுக்கு 2000-களுக்கு முன்பு வயல் தெரிகிற மாதிரி படம் கிடைக்காது. அதற்கு முந்தைய லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளியே 30 மீட்டர், உங்கள் வரப்பு அதில் எங்கே தெரியும்? கிடைக்கிற ஆண்டுகளில் கோடையில் எடுத்த படமாகப் பாருங்கள், இல்லை நடவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும் நேரத்துப் படம். பயிர் முழுசாக எழும்பி நிற்கும்போது வரப்பு மறைந்துவிடும்.

இப்போது மிக முக்கியமான இடம். வரப்பை மட்டும் பார்க்காதீர்கள், நகரவே முடியாத ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். கிணறு, மோட்டார் கொட்டகை, கோவில் மண்டபம், கல்வெர்ட், எதுவானாலும் சரி. ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டுப் படமும் சில மீட்டர் இப்படி அப்படித் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். 2010 படத்துக்கும் 2020 படத்துக்கும் இடையே வரப்பு 3 மீட்டர் நகர்ந்து, கிணறும் அதே திசையில் 3 மீட்டர் நகர்ந்திருந்தால் நகர்ந்தது படம், வரப்பு இல்லை. கிணறு அப்படியே இருந்து வரப்பு மட்டும் நகர்ந்திருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. கிணற்றின் விளிம்பிலிருந்து வரப்பு வரை எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு ஆண்டுக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை நான் ஒரு விவசாயிக்குச் செய்து கொடுத்தபோது, வரப்பு ஆண்டுதோறும் நகரவே இல்லை, ஒரே ஓர் ஆண்டில், டிராக்டர் வைத்து நிலத்தைச் சமன்படுத்திய ஆண்டில், மொத்தமாக நகர்ந்திருந்தது தெரிந்தது. பக்கத்துக்காரருக்கே அது தெரியவில்லை. டிராக்டர் ஓட்டியவர் வரப்பைத் திருப்பிப் போடும்போது கண் அளவில் போட்டிருக்கிறார்.

கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை இறக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். புலப்படத்தில் உள்ள கற்களில் தரையில் இன்றும் இருப்பவற்றைக் கண்டுபிடித்து, அவற்றைப் பிடிமானமாக வைத்துப் படத்தைப் பொருத்தலாம். நாலு புள்ளியாவது வேண்டும், வயலின் நாலா பக்கமும் பரவலாக இருக்க வேண்டும். ஒரே மூலையில் நாலு புள்ளி எடுத்தால் எதிர் மூலை பறந்துவிடும்.

இவ்வளவும் உங்களுக்குள் தெளிவு வருவதற்காக. அதிகாரபூர்வமாக வேண்டுமென்றால் எல்லையை அளந்து காட்டக் கோரும் எஃப் லைன் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அளந்து கல் ஊன்றுங்கள். பக்கத்துக்காரருக்கும் தகவல் போக வேண்டும், அவர் முன்னிலையில் அளப்பதே நல்லது. அதிலும் ஒத்துக்கொள்ளாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயர் துணையோடு அளக்கச் சொல்லும். உங்கள் கிணற்றுக் கணக்கு நோட்டு அப்போது துணைச் சான்றாக உதவும், அதுவே தீர்ப்பாகாது.

கேள்வி: புலப்படத்தில் எங்கள் மனையின் ஒரு பக்கம் 315 என்று போட்டிருக்கிறது. ஆனால் டேப் வைத்து அளந்தால் 208 அடிதான் வருகிறது. 107 அடி எங்கே? (வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: எங்கும் போகவில்லை. 315 என்பது அடி அல்ல, லிங்க். 0.66-ஆல் பெருக்குங்கள், 207.9 அடி. இந்த ஒரு குழப்பத்தால் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும், அதனால்தான் சின்னக் கேள்வி என்று ஒதுக்காமல் போடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் முன்பு ஜமீன் கிராமம். 1930-களின் பத்திரத்தில் ‘பைமாஷ் நம்பர்’ என்று இருக்கிறது. இதை இன்றைய சர்வே எண்ணோடு எப்படிச் சேர்ப்பது? எவ்வளவு பழைய வரைபடம் வரை கிடைக்கும்? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துவாரி கிராமங்களில் புலம் புலமாக அளந்து கல் நடும் வேலை 1850-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியை அளந்தார், ஆனால் அது ஊரையும் ஏரியையும் காட்டும் வேலை, உங்கள் வயலின் மூலைக் கல்லை அதில் தேட முடியாது. ஜமீன் ஊர்களின் கதை வேறு. பல இடங்களில் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் முறையான அளவையும் செட்டில்மென்டும் (நிலவரி நிர்ணயம்) வந்தன. அதற்கு முந்தைய எண்தான் பைமாஷ் எண்.

இரண்டையும் சேர்க்கும் பாலம் செட்டில்மென்ட் காலத்து ஒப்பீட்டுப் பட்டியல். பழைய எண் ஒரு பக்கம், புதிய எண் மறுபக்கம் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள், இல்லை என்றால் மாவட்டப் பதிவறை, அதற்கும் மேல் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் நகல் கேட்கலாம். பட்டியல் கிடைக்காவிட்டால் செக்குபந்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயலின் பெயர் மாறியிருக்கும், பக்கத்து ஏரிக்கரையும் ஊர் எல்லையும் மாறியிருக்காது. நாலு பத்திரத்தின் செக்குபந்தியை ஒரே தாளில் வரைந்தால் ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும், நான் அப்படி இடம் கண்டுபிடித்திருக்கிறேன்.

கேள்வி: கல்லே இல்லை. டிராக்டர் பெயர்த்துவிட்டது. எங்கிருந்து அளப்பார்கள்? (வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: உங்கள் வயலில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் புலங்களில் இருக்கும். அவற்றிலிருந்து அளந்து வருவார்கள். அதுவும் போய்விட்டால் மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல்லைத் தேடிப் போக வேண்டும், தூரம் கூடக் கூட வேலையும் கூடும், தகராறும் கூடும். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி தன் நிலத்துக் கல்லைப் பராமரிக்கும் கடமை நில உரிமையாளருக்கே. உழவுக்கு முன் கல்லைச் சுற்றி ஒரு முழத்துக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். இருக்கிற ஒவ்வொரு கல்லையும், பின்னால் கிணறோ வீடோ தெரிகிற மாதிரி இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: 1990 வாக்கில் அப்பா எங்கள் மூன்று பேருக்கும் வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு பனைமரம்தான் அடையாளம். மரம் விழுந்துவிட்டது, அப்பாவும் இல்லை. இடம் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான், வயது 81. இப்போது உட்பிரிவு செய்ய என்ன வழி? அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை எதுவும் இல்லை. (வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: சண்டை இல்லாத நேரம்தான் சரியான நேரம். தள்ளிப்போடாதீர்கள். சர்வேயருக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று பேரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போங்கள். பனை விழுந்தாலும் அடிவேர் மண்ணுக்குள் பல காலம் கிடக்கும், அம்மா காட்டும் இடத்தில் ஒரு கடப்பாரை போட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் அங்கே ஒரு முளை அடியுங்கள். அம்மா நடந்து காட்டும் வரியில் பத்தடிக்கு ஒரு முளை அடித்துக்கொண்டே போங்கள், நீங்கள் முந்திக்கொண்டு ‘இப்படித்தானே அம்மா’ என்று சொல்லாதீர்கள், அவர் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். முழுவதையும் செல்போனில் வீடியோ எடுங்கள்.

பிறகு புலப்படத்தில் உள்ள இரண்டு கல்லிலிருந்து ஒவ்வொரு முளைக்கும் டேப் பிடித்து எழுதுங்கள். ஒரு கல்லிலிருந்து மட்டும் அளந்தால் இடம் நிற்காது, இரண்டிலிருந்து அளந்தால்தான் புள்ளி பூட்டிக்கொள்ளும். அதை வைத்துப் படம் வரைந்து, மூன்று பேரும் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த அளவுகளையே எழுதிப் பதிவு செய்யுங்கள். அம்மாவுக்கும் சட்டப்படி பங்கு உண்டு, சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் உண்டு, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் உட்பிரிவுக்கு விண்ணப்பித்தால் சர்வேயர் வந்து அளந்து புதிய எண் கொடுக்க ஏற்பாடு செய்வார்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.